கோப்பெங் வழியாகப் போகும் சட்டம்

ஈப்போவிலிருந்து தெற்கே, சிம்பாங் பூலாயைத் தாண்டி வரும் பழைய சாலை கோப்பெங் ஊருக்குள் நுழைந்து கம்பார் பக்கம் இறங்குகிறது. கூட்டரசுச் சாலை எண் 1. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வந்த பிறகு இந்தப் பழைய சாலையில் அவசரக்காரர்கள் யாரும் வருவதில்லை. இப்போது கோப்பெங்குக்கு வெளியூர்க்காரர் வருவது குவா தெம்புருங் குகையைப் பார்க்க, இல்லையென்றால் கம்பார் ஆற்றில் ரப்பர் படகில் குலுங்க. ஈயச் சுரங்கக் காலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது.

ஆனால் மலேசியாவில் விசாரணையே இல்லாமல் ஒருவரை அடைத்து வைக்கலாம் என்ற சட்டத்தின் கதையை யாராவது சொல்ல வந்தால், இந்தச் சாலையை விட்டு அதிக தூரம் போக வேண்டியதில்லை. வடக்கே போனால் சுங்கை சிப்புட்; கதை அங்கேதான் பிறந்தது. இன்னும் மேலே போனால் தைப்பிங்கை ஒட்டிய கமுந்திங். பல்லாண்டு காலம் அந்தச் சட்டம் தடுப்பு முகாமாகக் குடியிருந்த இடம். தெற்கே, மாநிலத்தின் கடைசி ஊரான தஞ்சோங் மாலிம். ஊர் முழுவதையும் குற்றவாளியாக நடத்திப் பார்த்த இடம். மூன்றும் பேராக் மாநிலத்துக்குள்ளே. கோப்பெங் நடுவில்.

1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றது மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்கள். அன்றே பேராக்கிலும் ஜொகூரிலும் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டே நாளில் அது கூட்டரசு முழுவதற்கும் பரவிற்று. பிறகு பன்னிரண்டு ஆண்டு நீடித்தது.

தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் அந்தக் காலத்தைக் 'கம்யூனிஸ்ட் காலம்' என்றே சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் ஆவணத்தில் எமர்ஜென்சி. லயத்தில் கம்யூனிஸ்ட் காலம். போர் என்று அறிவித்திருந்தால் லண்டன் காப்பீட்டுக் கம்பெனிகள் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் நட்டஈடு கொடுத்திருக்காது, அதனால்தான் அவசரகாலம் என்று பெயர் வைத்தார்கள் என்று பல வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அடையாள அட்டை வந்ததும் 1948இல்தான். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படம் எடுத்து, பெருவிரல் ரேகை வைத்து, அட்டை வாங்க வேண்டும். காட்டுக்குள் இருப்பவனையும் ஊருக்குள் இருப்பவனையும் பிரித்துக் காட்டுவதற்கான ஏற்பாடு அது. அதன் அருமை கம்யூனிஸ்ட்காரர்களுக்கு உடனே புரிந்தது. பேருந்தை மறித்தும் தோட்டத்தில் புகுந்தும் அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். பதிவுக்கு வந்த புகைப்படக்காரர்களையும் விடவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவன் பால்வெட்டுக்காரன். அட்டை இருந்தால் காட்டுக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த அட்டை அவசரகாலத்தோடு போய்விடவில்லை. இன்று மைகார்டு என்று சில்லு பதித்த அட்டையாக ஒவ்வொருவர் பையிலும் இருக்கிறது. 2001இல் அறிமுகமானபோது பெருமையாகக் கொண்டாடப்பட்டது. பன்னிரண்டு இலக்க எண்ணில் ஏழாவதும் எட்டாவதும் 08 என்றால் பேராக்கில் பிறந்தவர். கோப்பெங்கில் பிறந்த பிள்ளைக்கும் அதேதான். வங்கியிலும் மருத்துவமனையிலும் அதை நீட்டும்போது யாருக்கும் 1948 நினைவுக்கு வருவதில்லை, வரவும் வேண்டியதில்லை. அவசரத்துக்கென்று வந்த ஒரு கருவி எவ்வளவு சாதாரணமாக அன்றாடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதற்காக மட்டுமே இங்கே சொல்லப்பட்டது.

அடுத்தது வேலி. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரம் குடியிருந்த சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் அவை நெருக்கமாக அமைந்தன. கோப்பெங்கை ஒட்டிய கோப்பிசானும் லாவான் கூடாவும் அப்படி வந்த ஊர்கள்தாம். தோட்டங்களில் சிதறிக் கிடந்த தமிழர் லயங்களையும் ஓரிடத்தில் குவித்து முள்கம்பி வேலி போட்டார்கள். பொழுது சாய்ந்தால் கதவு பூட்டு. விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண்கள் இருப்பார்கள். சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது. காட்டுக்காரனுக்குச் சோறு போய்விடுமாம். கடையில் தகர டப்பா உணவு வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், சேர்த்து வைக்க முடியாதபடி. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. ஒரு வீட்டில் எத்தனை வாய், எத்தனை கட்டி அரிசி என்பதெல்லாம் அரசாங்கக் கணக்கில் இருந்தது.

கண்காணிப்புக் கேமராவும் கணினியும் இல்லாத காலத்துக் கண்காணிப்பு இது. அடுப்பிலிருந்து தொடங்கியது.

தஞ்சோங் மாலிமில் நடந்தது இன்னொரு வகை. 1952 மார்ச் 25 அன்று ஊருக்கு வெளியே தண்ணீர்க் குழாயைப் பழுது பார்க்கப் போனவர்களையும் அவர்களுக்குக் காவலாகப் போன போலீசாரையும் மறைந்திருந்து தாக்கினார்கள். பன்னிரண்டு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் மைக்கேல் காட்னர் என்ற துணை மாவட்ட அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சிறைமுகாமிலிருந்து மரக்குதிரைக்கு அடியில் சுரங்கம் தோண்டித் தப்பியவர்களில் ஒருவர் என்று பெயர் பெற்றவர். புதிதாக வந்திருந்த ஹை கமிஷனர் ஜெரால்டு டெம்ப்ளர் நேரே வந்து ஊர்ப் பெரியவர்களைக் கூட்டித் திட்டினார். ஒரு நாளைக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார். அரிசிப் பங்கையும் குறைத்தார். பிறகு வீட்டுக்கு ஒரு தாள் வந்தது. கம்யூனிஸ்ட்காரனுக்கு உதவுகிறவன் யார் என்று தெரிந்தால் எழுது, பெயர் போட வேண்டாம், பெட்டியில் போடு. பெட்டிகளைப் பூட்டிக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோய், ஊரின் பிரதிநிதிகள் கண்முன் டெம்ப்ளரே திறந்தார். அதற்குப் பிறகு பலர் கைதானார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்கலாம். எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. எழுதியது உண்மையா, பழைய பகையா, கடன் தகராறா என்று கேட்கக் கைதானவனுக்கு வழி கிடையாது. சாட்சி முகம் தெரியாதவர், தீர்ப்புச் சொல்பவர் நிர்வாகி. பின்னாளில் வந்த சட்டங்களின் முகச்சாயல் அப்போதே தெரிந்துவிடுகிறது.

தமிழர்களுக்கு அந்தக் காலத்தின் பெரிய பெயர் எஸ். ஏ. கணபதி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர். துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்பது அவசரகால விதி. 1949 மார்ச்சில் ரவாங் அருகே கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார் என்று வழக்கு. மே 4 அன்று புடு சிறையில் தூக்கு. இந்திய அரசு தலையிட்டும் பயனில்லை. அதற்கு முதல் நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இரண்டே நாளில் இரண்டு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர்கள்.

1960 ஜூலை 31 அன்று அவசரகாலம் முடிந்தது. மறுநாள், ஆகஸ்டு 1, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இசா என்று பிறகு எல்லார் வாயிலும் புழங்கியது அதுதான். ஒரு நாள்கூட இடைவெளி விடவில்லை. போலீஸ் 60 நாள் வைத்திருக்கலாம். அதற்கு மேல் உள்துறை அமைச்சர் கையெழுத்துப் போட்டால் இரண்டு ஆண்டு. அதையும் எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டலாம். கம்யூனிஸ்ட்களை எதிர்க்க மட்டுமே என்று துணைப் பிரதமர் அப்துல் ரசாக் நாடாளுமன்றத்தில் உறுதி சொன்னார். சட்டத்தை எழுதிக் கொடுத்த ஆங்கிலேய வழக்கறிஞர் ஹியூ ஹிக்லிங், வன்முறையோடு தொடர்பில்லாத அரசியல் எதிரிகள் மேலும் சமூகப் பணியாளர்கள் மேலும் இது பாயும் என்று அன்று தன்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று சுமார் முப்பது ஆண்டு கழித்து எழுதினார். அவர் நினைத்துப் பார்த்திருக்கலாம் என்றே தோன்றுகிறது. யார் மேல் பாய வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தை ஒரே ஒரு அமைச்சரின் பேனாவிடம் கொடுத்தவர் அவர்தானே.

பாய்ந்தது 1987 அக்டோபர் 27 அன்று. ஓப்பராசி லாலாங் என்ற கைது வேட்டை. பிரதமரும் உள்துறை அமைச்சருமாக இருந்தவர் மகாதீர். நூறு பேருக்கு மேல் பிடிபட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங், அவர் மகன் லிம் குவான் எங், கர்ப்பால் சிங், ஈப்போ அரசியலில் எல்லாரும் அறிந்த பி. பட்டு, தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட், பேராசிரியர் சந்திரா முசாபர் என்று பட்டியல் நீண்டது. மூன்று நாளேடுகள் நிறுத்தப்பட்டன. நீண்டகாலத் தடுப்புக்கு ஆளானவர்கள் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள்.

இதில் ஈப்போவுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. இந்தப் பக்கத்து மக்களே பலர் மறந்துவிட்ட பங்கு. கர்ப்பால் சிங் ஆட்கொணர்வு மனுப் போட்டது ஈப்போ உயர்நீதிமன்றத்தில். தடுப்புக்கான காரணங்களாகக் காட்டப்பட்டவற்றில் ஒன்று தவறானது என்பது அங்கே தெரிய வந்தது. காரணங்களைச் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் அந்த உத்தரவு நிற்காது என்று நீதிபதி பே சுவீ சின் 1988 மார்ச் 9 அன்று அவரை விடுவித்தார். அன்றே மறுபடியும் பிடித்துவிட்டார்கள். பிறகு உச்சநீதிமன்றம் ஈப்போ தீர்ப்பையும் மாற்றியது. அடுத்த ஆண்டு, 1989இல், இசா சட்டமே திருத்தப்பட்டது: தடுப்பு உத்தரவில் நடைமுறைப் பிழை இருக்கிறதா என்று மட்டும் நீதிமன்றம் பார்க்கலாம், காரணம் சரியா என்று பார்க்கக்கூடாது. ஒரு நீதிபதி ஒரு நாள் கேட்ட கேள்வியை இனி எந்த நீதிபதியும் எந்த நாளும் கேட்க முடியாதபடி செய்துவிட்டார்கள்.

மலேசிய இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்; நீட்ட வேண்டாம். 2007 நவம்பர் 25 பேரணி, கண்ணீர்ப் புகை. பயங்கரவாத அமைப்புகளின் ஆதரவைத் தேடுகிறார்கள் என்று காவல்துறைத் தலைவரின் பேச்சு. டிசம்பர் 13 அன்று உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய ஐவர் இசாவில் கைது. பயங்கரவாதத் தொடர்பு என்ற பேச்சு எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கச் சொல்லும் தேவையே அந்தச் சட்டத்தில் கிடையாது. மனோகரன் கமுந்திங்கில் இருந்தபடியே 2008 மார்ச்சில் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார். ஐவரும் 2009இல்தான் வெளியே வந்தார்கள்.

அதே 2008 தேர்தலில் சுங்கை சிப்புட்டில் மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்தவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். மருத்துவர், சோசலிசக் கட்சிக்காரர், தோட்டத் தொழிலாளர் வழக்குகளில் ஊறியவர். 2011 ஜூனில் அவர் கட்சியினர் பேருந்தில் ஒரு பிரசாரப் பயணம் போனார்கள். பினாங்கு, கப்பாளா பத்தாசில் 30 பேரைப் பிடித்தார்கள். பிடிபட்ட பொருள்களில் சட்டைகள் இருந்தன. சட்டைகளில் சின் பெங், ரஷீத் மைடின் போன்ற பழைய கம்யூனிஸ்ட் தலைவர்களின் முகங்கள் இருந்தன. மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்ற கோணத்தில் விசாரணை! பிறகு ஜெயக்குமார் உட்பட ஆறு பேரை 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தில், அதாவது மே 13 இனக் கலவரத்தை ஒட்டி வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் உயிரோடு இருந்த ஒரு சட்டத்தில், தடுத்து வைத்தார்கள். ஜூலை 29 அன்று விட்டார்கள். கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதத்தைக் கீழே வைத்து ஹாட்யாயில் ஒப்பந்தம் போட்டது 1989இல். இருபத்திரண்டு ஆண்டு கழித்து ஒரு சட்டையில் அச்சடித்த முகம் அரசாங்கத்தைப் பயமுறுத்தியது.

சட்டையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். படம் மறுபடியும் வரும்.

அந்த ஆண்டே செப்டம்பரில் பிரதமர் நஜிப் இசாவை நீக்குவதாக அறிவித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. 2012 ஜூலை 31 அன்று இசா போயிற்று. அன்றே சொஸ்மா வந்தது. முழுப் பெயர் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம். இசாவோடு ஒப்பிட்டால் ஒரு படி முன்னேற்றம் என்பதை மறுக்கக்கூடாது. அரசியல் நம்பிக்கைக்காக மட்டும் யாரையும் பிடிக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. 28 நாளுக்குள் குற்றம் சாட்ட வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது.

ஆனால் உள்ளே போய்ப் படித்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. அந்த 28 நாளில் முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதி நாள்களை நீட்டுவது போலீஸ் மேலதிகாரியே, மாஜிஸ்திரேட் அல்லர். வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். குற்றம் சாட்டிய பிறகு ஜாமீன் கிடையாது என்கிறது 13ஆவது பிரிவு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பெண், நோயாளி என்றால் மட்டும் விதிவிலக்கு. விசாரணையில் நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் அரசு மேல்முறையீடு செய்தால், அது முடியும் வரை உள்ளேயே வைக்க 30ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது.

ஒட்டுக்கேட்பது 6ஆவது பிரிவு. தபாலை மறிக்க, தொலைபேசியைக் கேட்க, செய்தியை இடைமறிக்க அரசுத் தலைமை வழக்கறிஞர் அனுமதி கொடுக்கலாம். அவசரம் என்றால் சூப்பரிண்டெண்டென்ட் தரத்துப் போலீஸ் அதிகாரி முதலில் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லலாம். சேவை தரும் கம்பெனியையே இடைமறித்து வைத்திருக்கச் சொல்லலாம். இந்த வரிசையில் நீதிபதி எங்கேயும் இல்லை. ஒட்டுக்கேட்க அனுமதி கொடுக்கிற அதே அலுவலகம்தான் பிறகு வழக்குப் போடலாமா என்று முடிவு செய்கிறது, அதே அலுவலகம்தான் அந்தப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியாகக் கொண்டுவருகிறது. மளிகைக் கடைக்காரரே தராசையும் வைத்திருந்து எடைச் சோதனை அதிகாரியாகவும் இருப்பது போல.

2015இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் ஒன்றும் வந்தது. ஏப்ரல் 7 அன்று விடியற்காலை இரண்டரை மணிக்கு நெருக்கத்தில், 79க்கு 60 என்று நிறைவேறியது. விசாரணையில்லாத இரண்டாண்டுத் தடுப்பு மறுபடியும் வந்துவிட்டது. இந்த முறை கையெழுத்துப் போடுவது அமைச்சர் அல்ல, ஒரு வாரியம். இசாவை அனுப்பி வைத்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

ஆபத்து கற்பனை என்று யாரும் சொல்லவில்லை. 2016 ஜூன் 28 அன்று பூச்சோங்கில் ஒரு மதுக்கூடத்தில் கையெறி குண்டு வீசி எட்டுப் பேரைக் காயப்படுத்தினார்கள், ஐ.எஸ். இயக்கத்தின் பெயரில் நடந்த தாக்குதல். அதைச் செய்த இருவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு 25 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்கள். குண்டு வீசியவனைத் தண்டிக்கச் சாட்சி இருக்கும், சாதாரணக் குற்றவியல் சட்டம் போதும். சிறப்புச் சட்டத்தின் சிறப்பெல்லாம் சாட்சி போதாத இடத்தில்தான் வெளிப்படுகிறது.

அப்படி ஓர் இடம் 2019 அக்டோபர்.

அந்த மாதம் 10ஆம் தேதி தொடங்கிச் சில நாள்களில் பன்னிரண்டு பேரைச் சொஸ்மாவில் பிடித்தார்கள். எல்லாரும் தமிழர்கள். இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள்: மலாக்காவில் காடேக் தொகுதியின் ஜி. சாமிநாதன், நெகிரி செம்பிலானில் சிரம்பான் ஜெயா தொகுதியின் பி. குணசேகரன். இருவரும் ஜனநாயக செயல் கட்சி (ஜ.செ.க.). குற்றச்சாட்டு, தமிழீழ விடுதலைப் புலிகளுக்கு ஆதரவு. 2018 நவம்பர் 28 அன்று இரவு மலாக்கா, ஆயர் குரோவில் ஒரு மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சியும், கைப்பேசிகளிலும் முகநூலிலும் இருந்த படங்களும்தான் வழக்கின் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி. ஆதரவு கொடுத்தார் என்ற பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகலாம். பயங்கரவாதக் குழு சார்ந்த பொருளை வைத்திருந்தார் என்ற பிரிவில் ஏழு ஆண்டு வரை.

நாள்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். புலிகள் முள்ளிவாய்க்காலில் முடிந்தது 2009 மே. அந்த ஆகஸ்டில்தான் இயக்கத்தின் அடுத்த தலைவராகத் தன்னை அறிவித்த கே.பி. கோலாலம்பூரில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்டார். மலேசியா புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது 2014இல். அதாவது இயக்கம் அழிந்து ஐந்தாவது ஆண்டில் பட்டியல், பத்தாவது ஆண்டில் கைது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது அந்தப் பன்னிரண்டு வீடுகளிலும் ஆண்கள் இல்லை.

இன்னும் விசித்திரம் அரசியலில் இருந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது பாக்காத்தான் ஹராப்பான். சொஸ்மா போன்ற சட்டங்களில் உள்ள கொடுமையான பிரிவுகளை நீக்குவோம் என்று 2018 தேர்தல் அறிக்கையில் எழுதிக் கொடுத்த கூட்டணி. பிரதமர், 1987இன் அதே மகாதீர். நிதியமைச்சர், 1987இல் கமுந்திங்கில் இருந்த அதே லிம் குவான் எங். ஈப்போ பாராட் நாடாளுமன்ற உறுப்பினர் குலசேகரன் மனிதவள அமைச்சர். லிம்மும் குலசேகரனும் அமைச்சரவையில் உட்கார்ந்திருக்க, அவர்களுடைய ஜ.செ.க.வின் சட்டமன்ற உறுப்பினர்கள் வழக்கறிஞர் முகம் பார்க்கக் காத்திருந்தார்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கிறவரை, ஆட்சியில் நம்மவர் இருக்கிறார் என்பது ஒரு பாதுகாப்பே இல்லை என்று ஈப்போச் சாப்பாட்டுக் கடைகளில் அப்போது பேசாதவர் கிடையாது.

நவம்பர் 29 அன்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி முகமது நஸ்லான், சாமிநாதன் மனுவில், 13ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். ஜாமீன் கொடுப்பதா வேண்டாமா என்பது நீதிபதியின் வேலை. அதை நாடாளுமன்றம் ஒரு வரியில் பறித்துக்கொள்ள முடியாது என்பது அவர் பார்வை. வேறு நீதிபதிகள் வேறுவிதமாகவும் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு வந்ததும் கதவு திறந்துவிடவில்லை.

2020 பிப்ரவரி 21 அன்று அரசுத் தலைமை வழக்கறிஞரான சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் பன்னிரண்டு பேர் மேலும் இருந்த 34 குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். எந்த ஒன்றிலும் தண்டனை கிடைக்கும் நியாயமான வாய்ப்பில்லை என்றார். தனக்கு நாயகனாகப் படுகிறவரின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதாலோ முகநூலில் போடுவதாலோ அது பயங்கரவாதச் செயலாகிவிடாது என்பது அவர் விளக்கத்தின் சாரம். ஒரு வாரத்தில் ஆட்சி கவிழ்ந்தது. அவரும் பதவி விலகினார். அந்த முடிவு பத்து நாள் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. கைதிலிருந்து அந்த அறிவிப்பு வரை நான்கு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது. சாதாரணச் சட்டத்தில் ஜாமீன் கேட்டு முதல் வாரத்திலேயே ஒரு நீதிபதி முன் இந்தப் படங்களை வைத்திருந்தால், அவர் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வியைத்தான் சட்டத்துறைத் தலைவர் நான்கு மாதம் கழித்துக் கேட்டார்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது எங்கோ கேட்ட கதை போல இருக்கும். அரசியல் தலைவர் வைகோ 2002 ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று ஜூலையில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். அந்தப் பொடா மசோதாவை ஆதரித்த கூட்டணியில் அவருடைய கட்சியும் இருந்தது. பழ. நெடுமாறனும் அதே சட்டத்தில் உள்ளே போனார். அடுத்த ஆண்டு நக்கீரன் இதழாசிரியர் கோபால். பயங்கரவாதச் செயலை வளர்க்கும் நோக்கமில்லாமல் ஓர் இயக்கத்துக்கு வெறும் தார்மீக ஆதரவு தெரிவிப்பது குற்றமாகாது என்று இந்திய உச்சநீதிமன்றம் 2003 டிசம்பரில் விளக்கிய பிறகே வைகோவுக்கு ஜாமீன் வழி பிறந்தது. அவர் வெளியே வருவதற்குள் 19 மாதம். 2004இல் பொடா நீக்கப்பட்டது. அதன் பல பிரிவுகள் அதே ஆண்டில் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபாவுக்குள் குடிபெயர்ந்தன. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்றே ஆண்டுக்கான தற்காலிகச் சட்டமாக வந்தது, 1982இல் நிரந்தரமானது. அதை முதலில் சுமந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூர், புதுடில்லி, கொழும்பு என்று மூன்று தலைநகரங்களிலும் ஒரே தையல்காரர் தைத்துக் கொடுத்தாரோ என்று சந்தேகம் வரும்.

இப்போதைய நிலவரத்துக்கு வரலாம். சொஸ்மாவில் இன்று உள்ளே போகிறவர்களில் பலர் அரசியல்வாதிகளும் அல்லர், இயக்கக்காரர்களும் அல்லர். குண்டர் கும்பல் உறுப்பினர் என்று குற்றவியல் சட்டத்தின் 130வி பிரிவில் குற்றம் சாட்டப்பட்ட இளைஞர்கள். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் கணிசம். பயங்கரவாதத்தை எதிர்க்க வந்த சட்டத்தின் அட்டவணையில் திட்டமிட்ட குற்றமும் ஆள்கடத்தலும் சேர்ந்து நாளாகிவிட்டது. ஜாமீன் இல்லாததால், வழக்கு முடியும் வரை ஆண்டுக்கணக்கில் உள்ளே. இவர்களுக்காக மெழுகுவத்தி ஏந்த யாரும் வருவதில்லை. கும்பல்காரன்தானே என்று ஊரே தீர்ப்பு எழுதிவிடுகிறது. சிலர் உண்மையிலேயே குற்றவாளிகளாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் விசாரணை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சுங்கை பூலோ சிறைவாசலில் தாய்மார்கள் உட்கார்ந்து போராடியபோது அவர்கள் கேட்டது விடுதலை அல்ல. ஜாமீன் மனுவை நீதிபதி காதுகொடுத்துக் கேட்கட்டும் என்பதுதான்.

ஹிண்ட்ராப் ஐவருக்காகக் கோயிலில் தேங்காய் உடைத்தவர்கள் இந்தத் தாய்மார்களைப் பார்த்தும் பாராமல் போவது, இந்தக் கதையில் நம் சமூகம் நடித்திருக்கும் பாகம். 'நல்லவன்' மாட்டினால் மட்டும் சட்டம் கெட்டது.

சொஸ்மாவில் ஒரு நல்ல அம்சம், அநேகமாக ஒரே நல்ல அம்சம், 28 நாள் தடுப்புக்கான பிரிவுக்கு ஆயுள் ஐந்தாண்டுதான் என்பது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். 2017இல் சத்தமில்லாமல் நீண்டது. 2022 மார்ச்சில் நீட்டிப்புத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது 84 பேர் ஆதரவு, 86 பேர் எதிர்ப்பு. தோற்றுவிட்டது! சுமார் ஐம்பது உறுப்பினர்கள் அவையிலேயே இல்லை. ஜூலையில் மறுபடி கொண்டுவந்தார்கள். இந்த முறை ஆட்களைத் திரட்டி ஜெயித்தார்கள். அப்போது எதிர்த்து வாக்களித்த கட்சிகளில் சில இப்போது ஆட்சியில் இருக்கின்றன. திருத்தம் செய்வோம் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நீட்டிப்பு 2022 ஜூலை 31இலிருந்து ஐந்தாண்டு. ஆகவே அடுத்த வாக்கெடுப்பு 2027 ஜூலைக்குள் வந்தாக வேண்டும். கோப்பெங், ஈப்போ பாராட், பத்து காஜா, சுங்கை சிப்புட் தொகுதி வாக்காளர்கள் தங்கள் உறுப்பினரிடம் இரண்டே கேள்வி கேட்டு வைக்கலாம்: அன்றைக்கு அவைக்கு வருவீர்களா, வந்தால் எந்தப் பக்கம்?